முதல் வண்டி அப்படியே நின்றுவிட்டது, ஆனால் பாதி இயக்க ஆற்றலைக் காணோம். இது எந்த வகை மோதல்?

மூன்றாம்விதி:

உராய்வு குறைந்த டிராக்கில் இரண்டு வண்டிகளை மோதவிட்டு உந்தத்தையும் இயக்க ஆற்றலையும் கணக்கிட வேண்டும். சின்ன வண்டி 0.250 கி.கி., பெரிய வண்டி 0.500 கி.கி. பெரியது ஓய்வில் நிற்கிறது, சின்னது 0.60 மீ/வி வேகத்தில் வந்து மோதுகிறது. ஆக, மோதலுக்கு முன் மொத்த உந்தம் 0.150 கி.கி.மீ/வி, மொத்த இயக்க ஆற்றல் 0.045 ஜூல். வேகம் அளக்க இரண்டு போட்டோகேட், மோதும் இடத்துக்கு இருபுறமும் 10 செ.மீ. தள்ளி. பம்பரை மட்டும் மாற்றி மூன்று முறை ஓட்டியதில் கிடைத்தவை:

காந்த பம்பர்: சின்னது திரும்பி வந்தது, 0.19 மீ/வி. பெரியது 0.39 மீ/வி.
ரப்பர் பம்பர்: சின்னது மோதிய இடத்திலேயே நின்றது. பெரியது 0.295 மீ/வி.
வெல்க்ரோ: இரண்டும் ஒட்டிக்கொண்டு 0.195 மீ/வி.

மூன்றிலும் ஒவ்வொரு சிக்கல்.

காந்தத்தில் மோதலுக்குப் பின் உந்தம் 0.0475 + 0.195 = 0.2425 என்று வருகிறது. 0.150 எப்படி 0.2425 ஆகும்?

ரப்பரில் சின்ன வண்டி சுத்தமாக நின்றதால் அதுதான் மீட்சி மோதல், அதாவது இயக்க ஆற்றல் குறையாத மோதல், என்று குறித்துக்கொண்டேன். மோதும் பொருள் நின்றுபோய், தன் ஆற்றல் முழுவதையும் மற்றதற்குக் கொடுத்துவிடும் என்றுதானே பாடத்தில் வருகிறது? ஆனால் பெரிய வண்டியின் ஆற்றல் 0.0218 ஜூல்தான். பாதிகூட இல்லை.

வெல்க்ரோவில் உந்தம் 0.146, கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ஆற்றல் மட்டும் 0.0143 ஜூலாக இறங்கிவிட்டது. இரண்டுமே அதே நிறை, அதே வேகத்திலிருந்து வரும் அளவுகள். ஒன்று தப்பித்து மற்றொன்று தொலைவது ஏன்?

நிறைமையம்:

காந்தக் கணக்கு சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம். போட்டோகேட்டுக்குத் திசை தெரியாது. வண்டியின் மேல் உள்ள தகடு கேட்டின் ஒளிக்கதிரை எவ்வளவு நேரம் மறைத்தது என்பதை மட்டுமே சொல்லும். சின்ன வண்டி திரும்பி வந்ததால் அதன் திசைவேகம் −0.19. உந்தம் −0.0475 + 0.195 = 0.1475. குறியை நீங்கள்தான் போட வேண்டும். ஆற்றலில் வேகம் இருமடியாவதால் குறி விடுபட்டாலும் அங்கே தெரியாது, உந்தத்தில்தான் மாட்டும்.

ரப்பர்தான் உங்கள் மூன்றில் மிக அருமையான அளவீடு. அதற்குப் போகும் முன் கடைசிக் கேள்வியைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதற்கான பதிலில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மோதும்போது சின்னது பெரியதைத் தள்ளும் விசையும் பெரியது சின்னதைத் தள்ளும் விசையும் எந்தக் கணத்திலும் சமம், எதிர்த்திசை. அவை செயல்படும் நேரமும் ஒன்றே. விசையை நேரத்தால் பெருக்கினால் வருவது கணத்தாக்கு, அதாவது உந்த மாற்றம். ஒரு வண்டி இழந்ததை மற்றது அப்படியே பெற்றுவிடும், பம்பர் எதனால் ஆனதாக இருந்தாலும்.

ஆற்றல் மாற்றமோ விசையையும் இடப்பெயர்ச்சியையும் பெருக்கி வருவது. நேரம் ஒன்றாக இருந்தாலும் அந்த நேரத்தில் இரண்டு வண்டிகளும் நகரும் தூரம் ஒன்றில்லை. பம்பர் அமுங்குகிறது என்றாலே பின்னால் வரும் வண்டி அதிகமாகவும் முன்னால் இருப்பது குறைவாகவும் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த இடைவெளியில்தான் ஆற்றல் போய் உட்காருகிறது.

உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். எந்த பம்பராக இருந்தாலும், மோதலின் நடுவே ஒரு கணத்தில் இரண்டு வண்டிகளும் ஒரே வேகத்தில் போயாக வேண்டும். அது நிறைமையத்தின் வேகம்: 0.150 ÷ 0.750 = 0.20 மீ/வி. அந்தக் கணம் வரைக்கும் சின்னது 0.60-லிருந்து 0.20-க்கு இறங்கியிருக்கிறது, இழந்த உந்தம் 0.10. பெரியது 0-லிருந்து 0.20-க்கு ஏறியிருக்கிறது, பெற்ற உந்தம் அதே 0.10. இப்போது ஆற்றல்: சின்னது 0.045-லிருந்து 0.005-க்கு வந்து 0.040 ஜூலை இழந்திருக்கிறது. பெரியதற்குக் கிடைத்தது 0.010 ஜூல் மட்டுமே. மீதி 0.030 ஜூல் அந்தக் கணத்தில் பம்பரில் இருக்கிறது. காந்தமானால் காந்தப் புலத்தில், ரப்பரானால் அதன் உருமாற்றத்தில், வெல்க்ரோவானால் கொக்கிகள் வளைந்து உரசி ஏற்கனவே வெப்பமாக.

இதுவரை மூன்று மோதலும் ஒன்றேதான். வேறுபாடு இனிமேல்தான், அந்த 0.030 ஜூலில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதில். மீட்சியளிப்புக் குணகம் என்பது விலகும் வேகத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்தது. இரண்டாம் பாதியில், அதாவது பம்பர் விரியும்போது கிடைக்கும் கணத்தாக்கு, முதல் பாதியின் கணத்தாக்கைப் போல இந்தக் குணகம் மடங்கு.

வெல்க்ரோ: குணகம் 0. இரண்டாம் பாதியே கிடையாது. 0.20-லேயே இரண்டும் ஓடும், 0.015 ஜூல் மிஞ்சும்.

ரப்பர்: விலகும் வேகம் 0.295, நெருங்கும் வேகம் 0.60, குணகம் 0.49. எளிமைக்கு 0.5 என்று வைப்போம். இரண்டாம் பாதியின் கணத்தாக்கு 0.05. சின்ன வண்டிக்கு அது 0.05 ÷ 0.250 = 0.20 மீ/வி குறைப்பு. அதனிடம் இருந்ததும் சரியாக 0.20. அதனால் நின்றுவிட்டது! பெரியது 0.20 + 0.10 = 0.30.

ஆக, சின்ன வண்டி நின்றதற்குக் காரணம் மீட்சி மோதல் இல்லை. ஓய்வில் இருக்கும் ஒன்றின் மீது மோதும் பொருள், குணகம் = மோதும் நிறை ÷ மோதப்படும் நிறை என்று அமையும்போது நின்றுவிடும். உங்கள் வண்டிகளுக்கு அந்த விகிதம் 0.5, உங்கள் ரப்பரின் குணகமும் தற்செயலாக அதற்கு மிக அருகில் விழுந்திருக்கிறது. நிறைகள் சமமாக இருந்தால் இந்த விகிதம் 1, அப்போது மட்டுமே மோதியது நிற்பது மீட்சி மோதலைக் காட்டும். பாடத்தில் வருவது அந்த ஒரு நிலை. ‘சம நிறை’ என்ற நிபந்தனை நினைவிலிருந்து நழுவிவிட்டால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்.

ஆற்றல் இழப்புக்கு ஒரே சூத்திரம் போதும்: இழப்பு = 0.030 × (1 − குணகத்தின் இருமடி). அந்த 0.030 என்பது இரு நிறைகளின் பெருக்கலை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, நெருங்கும் வேகத்தின் இருமடியால் பெருக்கி, பாதியாக்கியது. மீதி 0.015 ஜூல் நிறைமையத்தின் ஓட்டத்தில் இருப்பது. உந்தம் மாறாத வரை அதை எந்த பம்பராலும் தொட முடியாது. ரப்பருக்கு இழப்பு 0.030 × 0.75 = 0.0225, மிஞ்சுவது 0.0225. ‘பாதிகூட இல்லை’ என்றீர்களே, அதுதான்.

நுண்ணளவி:

கோட்பாடு மேலே வந்துவிட்டது. மூன்று ஓட்டத்திலுமே உந்தம் 0.150-க்குக் கொஞ்சம் கீழே இருப்பதைக் கவனித்தீர்களா? 0.1475, 0.1475, 0.146. ஒரே பக்கமாகச் சாயும் பிழை எப்போதும் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. இங்கே அது உராய்வு.

மோதியவுடன் இருக்கும் வேகம் நமக்கு வேண்டும். நீங்கள் அளப்பதோ 10 செ.மீ. ஓடிய பிறகு இருக்கும் வேகத்தை. வண்டியின் வேக இறக்கம் 0.01 மீ/வி² என்று வைத்தால், 10 செ.மீ.-இல் வேகத்தின் இருமடி 0.002 குறையும். 0.60-இல் வரும் வண்டிக்கு அது 0.598, கண்ணில் படாது. 0.20-க்கு 0.195, உங்கள் வெல்க்ரோ அளவு அச்சாக அதுவே. மெதுவாகப் போகும் வண்டியைத்தான் உராய்வு அதிகம் கடிக்கும். அதனால்தான் வெல்க்ரோவில் உந்தம் கூடுதலாகக் குறைந்து தெரிகிறது. மோதல் உந்தத்தைத் தின்னவில்லை.

இதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். இரண்டு கேட்டையும் 50 செ.மீ. இடைவெளியில் வைத்து, ஒரே வண்டியை மோதல் இல்லாமல் மெதுவாக, 0.2 மீ/வி வாக்கில் ஓடவிடுங்கள். இரு வேகங்களின் இருமடிகளின் வித்தியாசத்தை 2 × 0.50-ஆல் வகுத்தால் வேக இறக்கம் கிடைக்கும். பிறகு எதிர்த்திசையிலும் ஓட்ட வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். இரண்டு திசையிலும் ஒரே எண் வராவிட்டால் டிராக் சாய்ந்திருக்கிறது. ஒரு மீட்டருக்கு 1 மி.மீ. சாய்வு இருந்தாலே 0.0098 மீ/வி² முடுக்கம், அதாவது உராய்வு அளவுக்கே சமம். ஒரு பக்கம் உராய்வை மறைத்துவிடும், மறுபக்கம் இரட்டிப்பாக்கும். ரசமட்டக் குமிழியை மட்டும் நம்பாமல், வண்டியை டிராக்கின் நடுவில் விட்டுப் பார்த்து, கால் திருகைத் திருப்புங்கள்.

கேட்டைக் கிட்டே கொண்டுவந்தால் உராய்வு குறையுமே என்று தோன்றும். ஓரளவுக்குத்தான் சரி. காந்த பம்பர்கள் தொடுவதற்குச் சில செ.மீ. முன்பே ஒன்றையொன்று தள்ளத் தொடங்கிவிடும். தகடு கேட்டை முழுதாகத் தாண்டுவதற்குள் தள்ளல் தொடங்கிவிட்டால், வேகம் குறைவாகப் பதியும். பின்பும் அப்படியே, தள்ளல் ஓய்ந்த பிறகுதான் தகடு கேட்டுக்குள் நுழைய வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் 10 செ.மீ. நல்ல தூரம், அதை மாற்றாமல் உராய்வைத் திருத்துங்கள்.

தகட்டின் அகலத்தையும் பாருங்கள். 25 மி.மீ. தகட்டில் 1 மி.மீ. தவறினால் வேகத்தில் 4 சதவீதம், ஆற்றலில் 8 சதவீதம் பிழை. ஒரே வண்டியின் முன்-பின் வேகங்களை ஒப்பிடும்போது இது அடிபட்டுப்போகும். ஆனால் ரப்பர் ஓட்டத்தில் முன்வேகம் சின்ன வண்டியின் தகட்டிலிருந்தும் பின்வேகம் பெரிய வண்டியின் தகட்டிலிருந்தும் வருகிறது, அங்கே அடிபடாது. இரண்டு தகடுகளையும் ஒரே வண்டியில் மாற்றி மாட்டி, ஒரே சரிவில் ஒரே புள்ளியிலிருந்து விட்டு ஓட்டினால் இரண்டுக்கும் உள்ள விகிதம் தெரிந்துவிடும்.

வெல்க்ரோவில் இன்னொன்று: ஒட்டிய வண்டிகளில் இரண்டு தகடுகள் அடுத்தடுத்து அதே கேட்டைக் கடக்கும். முதலில் பதிவதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, இன்னும் கொஞ்சம் உராய்ந்து மெதுவான பிறகு வரும் அளவு.

மூன்றாம்விதி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ரப்பரில் கணத்தாக்கைப் பாதி பாதியாகப் பிரித்துக் காட்டியது நன்றாகப் புரிந்தது. எதிர்த்திசையில் ஓட்டிப் பார்த்ததில் டிராக் லேசாகச் சாய்ந்திருந்தது உண்மைதான், திருகிச் சரிசெய்துவிட்டேன்.

மூன்று சந்தேகம் பாக்கி. ரப்பரில் 48 சதவீத ஆற்றல் மிஞ்சியது என்பதால் குணகம் அதன் வர்க்கமூலம், 0.70, என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தேன். அது தவறா? பந்தை விழவிட்டுப் பார்க்கும் சோதனையில் அப்படித்தானே செய்கிறோம்? அடுத்து, வண்டியை வேகமாக விட்டால் குணகம் மாறுகிறது. 1 மீ/வி பக்கம் போனால் ரப்பரும் சரி, காந்தமும் சரி, குறைந்துவிடுகிறது. கடைசியாக, முழு மீட்சியற்ற மோதலில், அதாவது இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது, எப்போதும் மூன்றில் இரண்டு பங்கு இழப்புத்தானா?

ஊசல்:

0.70 தவறு, ஆனால் பந்துக்கு அந்த வழி சரி. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதைப் பார்க்க வேண்டும்.

பந்து தரையில் விழும்போது மோதப்படும் நிறை பூமி. நிறைமையத்தின் வேகம் பூஜ்ஜியம் என்றே கொள்ளலாம். ‘தொட முடியாத’ பங்கு என்று ஒன்று அங்கே இல்லை, பந்தின் ஆற்றல் முழுவதும் சார்பு இயக்கத்தின், அதாவது இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் இயக்கத்தின், ஆற்றல். ஆகவே எழும் உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்தால் குணகத்தின் இருமடி நேராகக் கிடைக்கும். வண்டியில் மொத்த 0.045-இல் 0.030 மட்டுமே சார்பு ஆற்றல். 0.015-ஐக் கழித்துவிட்டுப் பாருங்கள்: (0.0218 − 0.015) ÷ 0.030 = 0.227, அதன் வர்க்கமூலம் 0.48. வேகங்களிலிருந்து வந்த 0.49-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. உராய்வைத் திருத்தினால் இன்னும் ஒட்டிவரும். ஆனாலும் வேகங்களிலிருந்தே குணகத்தை எடுப்பது நல்லது. ஆற்றல் வழியில் பிழை பெருகும்.

பந்து சோதனை செய்வதாக இருந்தால் உயரத்தைக் கண்ணால் பிடிக்க முயல வேண்டாம். போனைப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்து, ‘டக்’ ‘டக்’ ஒலிகளுக்கு இடையிலான நேரத்தை அலைவடிவத்தில் அளங்கள். ஒரு துள்ளலின் நேரம் எழும்பும் வேகத்துக்கு நேர்விகிதம் என்பதால், அடுத்தடுத்த இடைவெளிகளின் விகிதமே குணகம். குணகம் 0.80 உள்ள பந்தை அரை மீட்டரிலிருந்து விட்டால் இடைவெளிகள் சுமார் 0.51, 0.41, 0.33 வினாடி. வர்க்கமூலம் தேவையில்லை, விழவிட்ட உயரம்கூடத் தேவையில்லை. பந்து சுழன்றாலோ பக்கவாட்டில் நழுவினாலோ விகிதம் சீராக வராது, அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள்.

குணகம் பம்பருக்கு மட்டும் சொந்தமான எண்ணும் இல்லை. மோதும் இரண்டு பரப்புகள், வேகம், வெப்பநிலை எல்லாம் சேர்ந்த எண் அது. அதனால்தான் விளையாட்டு விதிகளில் சோதனை நிலையையும் சேர்த்தே எழுதுகிறார்கள். மேசைப் பந்தாட்டப் பந்தை எஃகுக் கட்டையின் மேல் 30.5 செ.மீ.-லிருந்து விட்டால் 24 முதல் 26 செ.மீ. வரை எழ வேண்டும், குணகம் ஏறத்தாழ 0.89 முதல் 0.92. வழக்கமான டென்னிஸ் பந்துக்கு 254 செ.மீ.-லிருந்து 135 முதல் 147 செ.மீ., குணகம் 0.73 முதல் 0.76. நியூட்டனும் 1687-இல் வெளியிட்ட நூலில் ஊசல்களில் தொங்கும் பந்துகளை மோதவிட்டு, காற்றின் தடையைக்கூடத் திருத்தி, இறுக்கிச் சுற்றிய கம்பளிக்கு 5/9, கண்ணாடிக்கு 15/16 என்று எழுதியிருக்கிறார். கம்பளிப் பந்து உங்கள் ரப்பருக்குத் தூரமில்லை!

வேகம் கூடினால் குறைவது ஏன் என்று கேட்டீர்கள். 1 மீ/வி வேகத்தில் சார்பு ஆற்றல் 0.030-இல் நிற்காது, 0.083 ஜூல். காந்தங்களின் தள்ளலால் அவ்வளவையும் தாங்க முடியாமல் வண்டிகளின் உடம்பே முட்டிக்கொள்ளும். ரப்பரும் முழுக்க அமுங்கி அடியில் தட்டிவிடும். காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள், சரியான காந்த மோதலில் சத்தமே வராது. ‘டக்’ என்று கேட்டால் அந்த ஓட்டம் வேறு வகை மோதல், அதே அட்டவணையில் சேர்க்காதீர்கள். குணகம் 1-க்கு மேல் வந்தாலும் நிறுத்திப் பாருங்கள். சில வண்டிகளில் உள்ளே இழுத்துப் பூட்டும் ஸ்பிரிங் தண்டு இருக்கும், அது மோதலில் விடுபட்டு ஆற்றலைக் கொட்டியிருக்கலாம். அது இல்லையென்றால் குறிப் பிழை அல்லது தகட்டுப் பிழை.

மூன்றில் இரண்டு பங்கு என்பது உங்கள் வண்டிகளுக்கு மட்டும். ஓய்வில் இருப்பதன் மீது மோதி ஒட்டினால் இழக்கும் பங்கு = மோதப்படும் நிறை ÷ மொத்த நிறை. சம நிறைகளுக்குப் பாதி. 10 கிராம் குண்டு 1.99 கி.கி. மரக்கட்டையில் புதைந்தால் 99.5 சதவீதம் போய்விடும். 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் எழுதிய குண்டு ஊசல் முறையில் (தொங்கும் கட்டையில் குண்டைப் புதையவிட்டு, கட்டை எழுவதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடுவது) குண்டின் ஆற்றலை நேரடியாக எழும் உயரத்துக்குச் சமன் செய்யக் கூடாது என்பது இதனால்தான். புதையும் வரை உந்தம், புதைந்து மேலே எழும்போது ஆற்றல், இப்படி இரண்டு கட்டமாகப் போட வேண்டும்.

நேரம் இருந்தால் இன்னொரு ஓட்டம்: அதே ரப்பர், ஆனால் பெரிய வண்டியை 0.60-இல் விட்டு, நிற்கும் சின்னதன் மீது மோதவிடுங்கள். நெருங்கும் வேகம் அதேதான் என்பதால் குணகமும் 0.5 வாக்கில் இருக்க வேண்டும்.

மூன்றாம்விதி:

ஓட்டுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிறைமைய வேகம் 0.40. பெரியது 0.30, சின்னது 0.60 வர வேண்டும். முன்பு 0.090 ஜூல், பின்பு 0.0675. இழப்பு 25 சதவீதம் மட்டுமே, ஆனால் ஜூலில் பார்த்தால் அதே 0.0225. இது சரியா?

நிறைமையம்:

சரி. ரப்பருக்கு யார் ஓடி வந்தார், யார் நின்றார் என்பது தெரியாது, நெருங்கும் வேகம் மட்டுமே தெரியும். ஓட்டும்போது சின்ன வண்டி 0.60-இல் பறக்கும், டிராக்கின் முடிவில் தடுப்பை வைத்துக்கொள்ளுங்கள். பெரியதும் பின்னாலேயே வரும், இரண்டும் அதே கேட்டைத்தான் கடக்கும். முதல் பதிவு சின்னதன் தகடு, இரண்டாவது பெரியதன் தகடு.